ஆலோசனைக் குழுவில் இருந்தவர்கள்: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு கூட்டத்தைச் சொல்லுங்கள்

நடு அக்கா:
குழு எப்படி நடக்கும் என்று விளக்கப் போவதில்லை, இங்கே பாதிப் பேர் உட்கார்ந்து பார்த்தவர்கள்தான். வளர்ச்சிசார் குறைபாடுள்ள இளைஞர்களுக்கான குழு, நான் உடன்பிறந்தவர்கள் சார்பில். பகல்நேரப் பயிற்சியை எந்த வயதோடு நிறுத்துவது என்று பேச்சு. செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால் உடல் அசைவு சிரமமாவது) உள்ள தம்பி ஒருவர் டேப்லெட்டில் எழுத்து எழுத்தாகத் தொட்டு வாக்கியம் சேர்ப்பார், அப்புறம் அது பேசும். "வேறு கருத்து இல்லையே?" என்றார் தலைவர். தம்பியின் விரல் திரையில்தான் இருந்தது. "சரி, அடுத்தது."

அடுத்தது, விடைபெறும் செயலாளருக்கு நன்றித் தீர்மானம். எல்லோரும் கைதட்டக் கையைத் தூக்கிய நேரத்தில் டேப்லெட் கணீரென்று சொன்னது: "எனக்குச் சம்மதம் இல்லை. நிறுத்தினால் நான் வீட்டிலேயே கிடக்க வேண்டும்." ஒரே சிரிப்பு. செயலாளரும் சிரித்தார். மினிட்ஸில் பயிற்சி முடிவு "ஒருமனதாக". நன்றித் தீர்மானத்துக்கு ஒரு எதிர்ப்பு! தம்பி சிரிக்கவில்லை. மறுபடி தட்ட ஆரம்பித்தார். முடிப்பதற்குள் இடைவேளை விட்டுவிட்டார்கள்.

சத்தம் ஆகாது:
நானும் உறுப்பினர்தான், ஆட்டிசம் உள்ளவள். சின்னக் கதை. புது மையத்தின் வரைபடத்தை விரித்தார்கள். அமைதி அறை எங்கே என்று கேட்டேன். வரைந்தவர் என் அம்மாவைப் பார்த்து, "பாப்பாவுக்கு இதெல்லாம் தெரியுதே" என்றார். எனக்கு 23 வயது. அமைதி அறை இருந்தது, ஜெனரேட்டருக்கு அடுத்த சுவரில். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் போட்டோவுக்கு நடுவில் நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகளை முடிவுகளில் எவ்வளவு நிஜமாகச் சேர்க்கிறார்கள் என்று காட்ட, ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதிய பங்கேற்பு ஏணிக்கு எட்டுப் படிகள். ஆட்டுவிப்பது, அலங்காரத்துக்கு வைப்பது, பேருக்குச் சேர்ப்பது என்ற கீழ் மூன்றும் பங்கேற்பே இல்லை என்கிறார். நான் அன்றைக்கு இரண்டாம் படியில், இஸ்திரி போட்ட உடையில்.

பழைய தலைவர்:
நடு அக்கா, தலைவரை வில்லனாக்காதீர்கள். அந்த நாற்காலியில் இருந்தவன் சொல்கிறேன். அஜெண்டா நீளம், அறையை அடுத்த கூட்டத்துக்கு விட வேண்டும், பாதிப் பேர் வாசலையே பார்க்கிறார்கள். எங்கள் குழுவில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பெண் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்பார். ஒருநாள் ஒரே கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டேன். அதற்கும் "ஆமாம்". அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் சில விஷயங்கள். ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியைத் தவிருங்கள். அறிவுசார் குறைபாடுள்ளவர்களிடம் சந்தேகம் வந்தால் "ஆமாம்" என்றுவிடும் போக்கு இருக்கிறது என்று 1981லேயே ஆய்வு வந்துவிட்டது. இரண்டு படம் காட்டி எது வேண்டும் என்று கேளுங்கள், பிறகு படங்களை இடம் மாற்றி இன்னொரு தரம் கேளுங்கள். அஜெண்டாவைக் கூட்டத்தில் நீட்டாதீர்கள், முன்கூட்டியே பெரிய எழுத்தில், ஒரு வரிக்கு ஒரு விஷயமாக அனுப்புங்கள், வீட்டிலேயே பதிலைத் தட்டிச் சேமித்துக்கொண்டு வரட்டும். ஆளுக்கொரு சிவப்பு அட்டை கொடுங்கள், தூக்கினால் பேச்சு நிற்க வேண்டும், தலைவர் பேசினாலும்தான். மினிட்ஸில் தப்பு இருந்தால் அடுத்த கூட்டத்தில் அதை உறுதி செய்யும் முன்பே எழுந்து திருத்தம் கேளுங்கள், இங்கே வந்து புலம்புவதில் பயனில்லை. பெற்றோரைப் பின்வரிசையில் உட்கார வையுங்கள். இன்னும் இருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன்.

வாசலில் நிற்கும் அம்மா:
யாரும் கேட்காத அறிவுரைக்கு நன்றி சார். பின்வரிசையா? என் மகன் பேசுவது வெளி ஆட்களுக்குப் பாதிதான் விளங்கும். தனியாக வாழ என்ன வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார்கள். அவன் ஒரே வார்த்தை சொன்னான். குறிப்பெடுத்தவர் "சாமி" என்று எழுதி, பிரார்த்தனைக்கு நேரம் கேட்கிறார் என்றார். அவன் கேட்டது சாவி. வீட்டில் ஆளுக்கொரு சாவி உண்டு, அவனுக்கு மட்டும் கிடையாது. முன்வரிசையில் இருந்ததால் நான் திருத்தினேன். உடனே மொத்த மேசையும் என்னைத் திரும்பிப் பார்த்தது, ஏன் கொடுக்கவில்லை என்கிற மாதிரி.

பழைய தலைவர்:
அம்மா, வாயை மூடச் சொல்லவில்லை. அவர் சொன்னதை எடுத்துச் சொல்வது வேறு, அவருக்குப் பதிலாகச் சொல்வது வேறு. ஐ.நா.வின் 2006 மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் 4ஆம் பிரிவின் மூன்றாவது பத்தியைப் படியுங்கள். முடிவெடுக்கும்போது அவர்களையே கலந்து பேசச் சொல்கிறது, குழந்தைகள் உட்பட.

வாசலில் நிற்கும் அம்மா:
படித்திருக்கிறேன். அவர்களுடைய அமைப்புகள் வழியாக என்றும் அதே வரியில் இருக்கிறது. அந்த அமைப்புகளில் பலவற்றை ஆரம்பித்ததே எங்களைப் போன்ற பெற்றோர்தான்.

சத்தம் ஆகாது:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துகிறீர்களா, சிவப்பு அட்டை. அம்மா, சாவி கொடுத்தீர்களா இல்லையா?

வாசலில் நிற்கும் அம்மா:
கொடுத்தாயிற்று. பூட்டத்தான் மறந்துவிடுகிறான். அவன் அப்பாவும் அப்படித்தான், அவரிடம் யாரும் சாவியைத் திருப்பிக் கேட்டதில்லை.