மறு: பிளாஷிங் – 'மின்னல் தகடு' வேண்டாம், 'நீர்மடிப்பு' ஆகுமா?

குழு அன்பர்களுக்குப் பினாங்கிலிருந்து வணக்கம். செங்கல் புகைபோக்கியை மழைநீரிலிருந்து காக்கும் கையேட்டை மொழிபெயர்க்கையில் சிக்கிய சொற்களுக்கு ஒரே மடலில் பதில் எழுதுகிறேன்.

> பிளாஷ் என்றால் மின்னுதல்தானே? 'மின்னல் தகடு' என்று வைத்துவிடலாம்.

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இதைப் படிக்கும் வீட்டுக்காரர் இடிதாங்கியைத் தேடிக் கூரை ஏறிவிடுவார். பிளாஷிங் (flashing) என்பது கூரை இணைப்பில் மழைநீர் இறங்காமல் மடித்து வைக்கும் தடுப்பு. அந்தப் பொருளைப் பார்த்துப் பெயர் வைப்போம். புகைபோக்கி கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில், ஓட்டுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சுற்றிலும் ஓர் இடுக்கு இருக்கும். கூரை ஒரு விதமாகவும் சுவர் ஒரு விதமாகவும் அசைவதால், அங்கே சிமெண்டு வைத்து அடைத்தால் வெடித்துவிடும். அதனால்தான் ஈயம், செம்பு, அலுமினியம் என்று ஏதாவது ஒரு தகட்டை மடித்து வைக்கிறார்கள். அதுவும் இரண்டு துண்டாக. ஒன்று கூரைமேல் படுத்துச் செங்கல்மேல் ஏறி நிற்கும். மற்றது செங்கல் வரிகளுக்கு இடையிலுள்ள சாந்தில் செருகப்பட்டு, முதல் துண்டின் தலையை மூடித் தொங்கும். இரண்டையும் சேர்த்துப் பற்றவைப்பதில்லை. கூரை அசையும்போது ஒன்றின்மேல் ஒன்று நழுவிக் கொடுக்கும். தண்ணீர் உள்ளே போகாது.

> 'கசிவுமறை' சுருக்கமாக இருக்கிறதே?

சுருக்கம்தான். ஆனால் கசிவை மறைப்பது வேறு, தடுப்பது வேறு. தாரைப் பூசி மறைத்துவிட்டுக் காசு வாங்கிப் போகிறவர்களுக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். 'தகடு' என்று முடியும் சொற்களிலும் ஒரு சங்கடம்: தார்ப்பட்டையிலும் இதைச் செய்கிறார்கள். எதில் செய்தாலும் மாறாமல் இருப்பது மடிப்பு. ஆகவே 'நீர்மடிப்பு' என்கிறேன். கீழே படுப்பது அடிமடிப்பு, சாந்தில் செருகுவது மேல்மடிப்பு, சரிவை ஒட்டி ஒவ்வோர் ஓட்டு வரிசைக்கும் ஒன்றாக ஏறுவது படிமடிப்பு. புதுச்சொல் ஒன்றுதான், அதிலேயே மூன்றும் கிளைத்துவிடுகின்றன. அடிமடிப்பு ஓட்டையானால் அடிமடியில் கைவைத்த கதைதான். கைமரம் வரை உளுத்துப்போகும்.

> கிரவுனுக்கு 'முடி', கேப்புக்கு 'மூடி' – ஓசை நன்றாக ஒத்துப்போகிறது.

அந்த ஓசை ஒற்றுமைதான் இங்கே வில்லன். அச்சில் ஒரு சுழி தவறினால் பொருளே மாறிவிடும். கேப், அதாவது மேலே கவிழ்த்து வைக்கும் கம்பிவலையுள்ள உலோகக் கவிப்பு மூடியாகவே இருக்கட்டும். கிரவுன் என்பது புகைக்குழாயைச் சுற்றிச் செங்கல் தலையை மூடும் காங்கிரீட். 'தலைச்சாந்து' என்று முன்பு வந்த யோசனையும் வேண்டாம். கையேடு கண்டிப்பதே அதைத்தான்: மிச்சம் இருக்கும் சாந்தை மெல்லிசாகத் தடவிவிட்டு இறங்கிவிடுவது. அது கீறல் விட்டால் தண்ணீர் நேரே செங்கல்லுக்குள் இறங்கும். நல்ல கிரவுன் வெளிப்பக்கம் சரிந்து, செங்கல்லைத் தாண்டி 50 மில்லிமீட்டராவது நீண்டு, அடியில் நீர் சொட்டி விழ ஒரு வரிப்பள்ளத்தோடு இருக்கும். காங்கிரீட்டைத் 'தளம் போடுவது' என்றுதானே சொல்கிறோம்? 'உச்சித்தளம்' போதும்.

பூச்சு விஷயத்தில் சொல் தவறினால் சுவரே போய்விடும் என்பதால் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கிறேன். வரைவில் எல்லா இடத்திலும் 'நீர்புகாப் பூச்சு' என்றிருக்கிறது. மூலக் கையேடு பரிந்துரைப்பது சிலேன், சிலோக்சேன் என்னும் சிலிக்கான் சேர்மங்கள் கொண்ட வகை. நீரை ஒட்டவிடாமல் உருட்டிவிடும், உள்ளே இருக்கும் ஆவியை வெளியே விடும். அதை 'நீர்விலக்கி' என்போம். நீர்புகாப் பூச்சு என்றால் கடையில் பிளாஸ்டிக் படலம்போல் மூடும் பெயிண்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஓதம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இங்கே பினாங்கின் ஜார்ஜ்டவுனில் சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய கடைவீடுகளுக்குச் சிமெண்டு பூசியதில் இதே தொல்லைதான்: உப்புப் பூத்து, செங்கல் முகம் பொருக்காக உதிர்கிறது.

> உறைபனிப் பத்தியை நீக்கிவிடலாமா? நமக்கு எதற்கு?

நீக்க வேண்டாம். உறையும் நீர் சுமார் 9 விழுக்காடு பருத்துச் செங்கல்லைப் பிளப்பது குளிர்நாட்டுக் கதை, அது அங்கேயே இருக்கட்டும். அடிக்குறிப்பாக, நம் பக்கம் அந்த வேலையைப் படிகமாகும் உப்பு செய்கிறது என்று சேருங்கள். மலேசியாவின் கேமரன் மலை, பிரேசர் மலையின் பழைய பங்களாக்களில் கணப்பும் செங்கல் புகைபோக்கியும் உண்டு. அங்கே உறைபனி இல்லாவிட்டாலும் பாசிக்கும் ஓதத்துக்கும் குறைவில்லை.

கடைசியாகக் கையேட்டில் வரும் 'கிரிக்கெட்' (cricket) என்ற சொல். மட்டையும் வேண்டாம், பூச்சியும் வேண்டாம். புகைபோக்கியின் மேட்டுப்பக்கம் தண்ணீரும் சருகும் தேங்காமல் இருபுறமும் பிரித்துவிடும் சின்னக் கூரை அது. அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிப்படி, முகட்டில் அல்லாமல் சரிவில் நிற்கும் புகைபோக்கி 30 அங்குலத்துக்கு மேல் அகலமானால் அது கட்டாயம். நான் 'குறுமுகடு' என்கிறேன். 'நீர்வரப்பு' என்ற கோலாலம்பூர் அன்பரின் சொல்லும் பிடித்திருக்கிறது, ஆனால் வரப்பு தண்ணீரைத் தேக்கவும் செய்யுமே? நீங்கள் உங்கள் கொத்தனாரிடம் படத்தை மட்டும் காட்டி, பெயர் சொல்லாமல், அவர் வாயில் என்ன வருகிறது என்று கேட்டு எழுதுங்கள். அதுவரை வரைவில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.