பத்தமடைப் பாயும் ஒரு நாள் தடையும்: புதுப் பிள்ளைகளை விக்கியில் எப்படிப் பழக்குவது?

பாளை_வாத்தியார் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேரன்மகாதேவியில் தெரிந்தவர் ஒருவர் வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். 9 பேர், 4 மடிக்கணினி, ஒரு வைஃபை. முதல் நாளே ஒரு சறுக்கல். ஒரே இணைப்பிலிருந்து ஒரு நாளைக்கு 6 கணக்குக்கு மேல் தொடங்க விடாது என்பது எனக்குத் தெரியாது. மூன்று பேர் வீட்டுக்குப் போய்த் தொடங்கினார்கள். அதை விடுங்கள், என் பிரச்சினை வேறு.

அவரவர் ஊர்க் கட்டுரையைச் சீர்படுத்த வேண்டும் என்பதுதான் நான் கொடுத்த வேலை. பத்தமடைப் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் உம்மா பாய் நெய்கிறவர். கோரையை ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போடுவது, காயவைத்துக் கீறுவது, பாவுக்கு நூல் கட்டுவது என்று ஒரு பத்தி எழுதியிருந்தான். பிறந்ததிலிருந்து பார்த்த வேலை, அதனால் ஒரு சொல் கூடக் குறையவில்லை. அதோடு, 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு எங்கள் ஊர்ப் பாய் போனது என்று ஒரு வரி. பத்தமடையில் யாரை நிறுத்திக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

இருபது நிமிடத்தில் மூத்த பயனர் ஒருவர் மொத்தத்தையும் எடுத்துவிட்டார். காரணம் நான்கே சொல்: 'சான்று இல்லை. சொந்த ஆய்வு.' அதாவது, எங்கும் வெளியாகாததைத் தானே கண்டு எழுதியது என்று. பையன் திரும்பப் போட்டான். அவர் எடுத்தார். இப்படியே நாலு தடவை. நாலாவது தடவை, செய்த மாற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லும் கட்டத்தில் இவன் எழுதியது இது: 'எதுக்குவே அழிக்கீரு? எங்கூருப் பாயப் பத்தி உமக்கு என்ன தெரியும்?'

இனி என் தப்பு. எனக்கும் கோபம் வந்துவிட்டது. என் கணக்கில் போய் நானும் ஒரு தடவை திரும்பப் போட்டேன். போதாக்குறைக்கு மற்றப் பிள்ளைகளிடம், 'நீங்களும் போய் ஆதரவாக ரெண்டு வரி எழுதுங்க' என்றேன். எழுதினார்கள். எட்டுப் பேரும், ஒரே மாடியிலிருந்து, பத்து நிமிடத்துக்குள்.

பையனுக்கு ஒரு நாள் தடை. எங்கள் எல்லோரிடமும் 'நீங்கள் ஒருவரே நடத்தும் கைப்பாவைக் கணக்குகளா?' என்று விசாரணை. பையன் 'சவத்த விடுங்க சார்' என்று மடிக்கணினியை மூடிவிட்டான். முக்கூடல் பிள்ளை ஒருத்தி அழகாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், சேமிக்கும் பொத்தானை மட்டும் அழுத்த மாட்டேன் என்கிறாள்.

யார் சரி, யார் தப்பு என்று நான் கேட்கவில்லை. எழுதியதை ஒருவர் எடுத்துவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது? விதிப் பக்கங்கள் பனைமர நீளம் இருக்கின்றன, படிக்க மாட்டேன் என்கிறார்கள். 'நன்னம்பிக்கை கொள்ளுங்கள்', அதாவது எதிரே இருப்பவர் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார் என்று நம்புங்கள், என்று ஒரு விதி சொன்னேன். 'நாங்க கொண்டோம் சார், அவரு கொள்ளலியே' என்று பதில் வந்தது.


கல்லிடைக்காரன் எழுதியது:

அண்ணாச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள். பையன் செய்தது சின்னத் தப்பு. எட்டுப் பேரை ஏவிவிட்டீர்களே, அதுதான் பெரிசு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? நேற்றுத் தொடங்கிய எட்டுக் கணக்கு, ஒரே பக்கம், ஒரே கருத்து. தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர்கள் செய்வதும் படம் வெளியாகும் வாரத்தில் ரசிகர்கள் செய்வதும் அச்சு அசலாக இதேதான். முதலில் நீங்கள் அந்தப் பக்கத்தின் உரையாடலில் போய், 'நான் வகுப்பு நடத்துகிறேன், இந்த எட்டுக் கணக்கும் என் மாணவர்கள், நான்தான் எழுதச் சொன்னேன்' என்று உள்ளதை எழுதிவிடுங்கள். பாதிச் சிக்கல் அன்றைக்கே தீரும். ஒவ்வொருவர் பயனர் பக்கத்திலும் இன்ன வகுப்பில் படிக்கிறேன் என்று ஒரு வரி இருக்கட்டும்.

நானும் இப்படி அடிபட்டு வந்தவன்தான். பல வருடம் முன்பு கல்லிடைக்குறிச்சி அப்பளம் பற்றி ஒரு கட்டுரையே தொடங்கினேன். 'உலகப் புகழ்பெற்ற', 'ஈடு இணையற்ற', 'சுவையோ சுவை'. மறுநாள் பார்த்தால் மூன்று வரி மிச்சம். அன்று ராத்திரி சாப்பிடவில்லை, உண்மையாகச் சொல்கிறேன். என் ஊரையே ஒருத்தன் கேவலப்படுத்திவிட்டான் என்று தோன்றியது. எடுத்தவருக்கு என் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது என்பது பிற்பாடு பேசிப் பழகியபோதுதான் தெரிந்தது. அவர் பார்த்தது பெயரடைகளை மட்டும்.

உங்கள் பிள்ளைகள் எல்லாம் ஆற்றங்கரைப் பிள்ளைகள், படித்துறையை வைத்துச் சொல்லுங்கள். துவைக்கிற கல் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஒருவர் துவைத்துக்கொண்டிருக்கும்போது அவர் துணியைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு நம் துணியை வைக்க மாட்டோம். 'அண்ணாச்சி, முடிஞ்சிருமா?' என்று கேட்டுவிட்டு ஒரு முங்கு போட்டு வருவோம். விக்கியில் அப்படிக் கேட்கிற இடம்தான் உரையாடல் பக்கம். எல்லோரும் 'தொகு' பொத்தானை முதல் நாள் சொல்லிக்கொடுக்கிறார்கள், உரையாடல் பக்கத்தைச் சண்டை வந்த பிறகு காட்டுகிறார்கள். நீங்கள் மாற்றிச் செய்யுங்கள். முதல் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் ஒரு சந்தேகம் கேட்டு, கடைசியில் நான்கு அலைக்குறி போட்டுக் கையொப்பம் இடட்டும். தொகுப்பது இரண்டாம் வகுப்பில்.

அடுத்தது, எடுத்த வரியை ஒரு தடவைகூடத் திரும்பப் போடாதே என்று சொல்லுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் 3 தடவைக்கு மேல் மீளமைக்கக் கூடாது என்று விதி. இதைச் சொன்னவுடன் பிள்ளைகள் 'அப்போ மூணு தடவை போடலாம்' என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கே வேண்டாம். எழுதியது எங்கேயும் போகவில்லை, பழைய வடிவங்களைக் காட்டும் 'வரலாறு' பக்கத்தில் ஒரு எழுத்துக் குறையாமல் இருக்கிறது என்று திறந்து காட்டுங்கள். முக்கூடல் பிள்ளைக்கும் இதையே காட்டுங்கள். என்ன எழுதினாலும் ஒன்றும் உடைந்துவிடாது, சரியில்லை என்றால் யாராவது பழையபடி ஆக்கிவிடுவார்கள். முதலில் மணல்தொட்டியில், அதாவது பழகிப் பார்ப்பதற்கென்றே இருக்கும் பக்கத்தில், நாலு நாள் கிறுக்கட்டும்.

கேட்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. பையன் எழுதியதற்குப் பதில் இப்படி எழுதியிருந்தால்:

'வணக்கம். பாய் நெய்யும் முறை பற்றி நான் சேர்த்த பத்தியை நீக்கியிருக்கிறீர்கள். நான் புதியவன். எங்கள் வீட்டில் இதுதான் தொழில், நேரில் பார்த்து எழுதினேன். இதற்கு எந்த மாதிரிச் சான்று கொடுத்தால் ஏற்பீர்கள்?'

ஐந்து வாக்கியம், ஒரு கேள்வி. கேள்வியில் முடிந்தால் எதிரே இருப்பவர் பதில் சொல்லியாக வேண்டும். 'ஏன் அழித்தீர்கள்?' என்பது கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் அது சண்டைக்குக் கூப்பிடுவது. 'என் கட்டுரை' என்ற சொல்லும் வேண்டாம். 'இந்தக் கட்டுரை' என்று எழுதிப் பழகினால் கோபமும் கொஞ்சம் தணியும், நானே பார்த்திருக்கிறேன்.

சான்றுக்கும் வழி இருக்கிறது. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. குறியீட்டுக்கு விண்ணப்பித்தால் செய்முறையை விவரமாக எழுதிக் கொடுக்க வேண்டும், அதைப் பதிவகம் தன் இதழில் வெளியிடும். இணையத்தில் தேடினால் கிடைக்கும். ஊறப்போடுவதும் கீறுவதும் அதில் வந்துவிடும். ராணி விஷயத்துக்கு நல்ல நாளிதழ்க் கட்டுரையோ புத்தகமோ கிடைத்தால் போடுங்கள், கிடைக்கும்வரை கட்டுரைக்கு வெளியே இருக்கட்டும். ராணியா ஓடிப்போகிறார்?


வடமராட்சி_வாசகன் எழுதியது:

நான் அந்தப் பயனர் இல்லை, ஆனால் அதே வேலையைத்தான் இரவில் நானும் செய்கிறேன். அண்மைய மாற்றங்கள் பக்கத்தைத் திறந்தால் ஒருவர் பள்ளிக்கூடக் கட்டுரையில் தன் நண்பனைத் திட்டியிருப்பார், ஒருவர் மருந்துக்கடை விளம்பரம் ஒட்டியிருப்பார், ஒருவர் நடிகரின் பிறந்த ஆண்டை மாற்றியிருப்பார். இவற்றுக்கு நடுவில் ஒரு நல்ல பத்தி சான்றில்லாமல் வந்தால் கை தன்பாட்டில் நீக்கிவிடும். அது எங்கள் பிழை. 'சான்று தேவை' வார்ப்புருவை (ஆயத்தமாக இருக்கும் குறிப்பு) இட்டுவிட்டுப் பத்தியை விட்டிருக்கலாம்.

ஒன்று சொல்லவேண்டும். 'எதுக்குவே', 'உமக்கு' இரண்டும் உங்கள் ஊரில் எப்படி ஒலிக்கும் என்று எனக்குத் தெரியாது. எங்களிடம் 'நீர்' என்பது சமவயதினரிடமும் இளையவர்களிடமும் கதைக்கிற சொல். முகம் தெரியாத ஒருவர் எனக்கு 'உமக்கு என்ன தெரியும்' என்று எழுதினால் நான் ஏச்சு என்றுதான் எடுப்பேன். 'வே' என்பதை நான் எழுத்துப்பிழை என்று நினைத்திருப்பேன்!


பாளை_வாத்தியார் எழுதியது:

ஐயா, எங்கள் பக்கம் 'வே' என்பது தோளில் கைபோடுகிற சொல். 'நீரு', 'உமக்கு' எல்லாம் மரியாதையில்தான் சேர்த்தி. பையன் திட்டவேண்டும் என்று நினைத்திருந்தால் அந்தச் சொற்களையே தொட்டிருக்க மாட்டான், வேறு இருக்கின்றன. ஆனால் நீங்கள் சொன்ன பிறகுதான் உறைக்கிறது, படிக்கிறவர் யாழ்ப்பாணத்திலோ கோவையிலோ டொராண்டோவிலோ இருக்கலாம். இனி 'நீங்கள்' ஒன்றுதான் என்று சொல்லிவிடுகிறேன்.


குற்றாலச்சாரல் எழுதியது:

கல்லிடை அண்ணாச்சி சொன்னதில் எனக்கு ஒரு இடத்தில் ஒப்புதல் இல்லை. எல்லாப் பணிவையும் புதியவர்களிடமே எதிர்பார்க்கிறோம். 'புதியவர்களைக் கடிக்காதீர்கள்' என்று விக்கியில் ஒரு வழிகாட்டலே இருக்கிறது, அதை யார் படிக்கிறார்கள்? 'நீக்கப்பட்டது', 'எச்சரிக்கப்படுகிறீர்கள்', 'தடை செய்யப்படுவீர்கள்' என்று வார்ப்புருக்கள் காவல் நிலைய நோட்டீஸ் மாதிரி இருக்கின்றன. செயப்பாட்டு வினையில் திட்டினால் திட்டியது யார் என்றுகூடத் தெரிவதில்லை. வார்ப்புருவுக்குக் கீழே சொந்தக் கையால் ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்?

ஆனால் பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வைக்கவும் வேண்டாம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது, குற்றாலத்தைப் பற்றி எங்கெல்லாம் 'திருநெல்வேலி மாவட்டம்' என்று இருந்ததோ அங்கெல்லாம் ஒரே மூச்சில் மாற்றினேன். பழைய வரலாற்றுப் பத்திகளையும் சேர்த்து. ஒருவர் அத்தனையையும் திருப்பினார், நானும் சளைக்கவில்லை. ரெண்டு நாள் கழித்து வேறொரு பயனர் வந்து, இப்போதைய நிலையைச் சொல்லும் இடத்தில் தென்காசி, பழைய செய்திகளில் 'அப்போதைய திருநெல்வேலி மாவட்டம்' என்று போட்டுவிட்டுப் போனார். எங்கள் ரெண்டு பேருக்கும் சொல்ல வாயில்லை. இருவர் முட்டிக்கொண்டால் மூன்றாமவரைக் கூப்பிடச் சொல்லிக்கொடுங்கள். எல்லோரும் பேசும் பொதுப் பக்கமான ஆலமரத்தடியில் ஒரு வரி போட்டால் யாராவது வருவார்கள். ஆனால் 'எனக்கு ஆதரவாக வாருங்கள்' என்று எழுதக் கூடாது, 'இங்கே கருத்து வேறுபாடு, பார்த்துச் சொல்லுங்கள்' என்றுதான் எழுத வேண்டும்.


பாளை_வாத்தியார் எழுதியது:

ரெண்டு வாரம் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி.

எட்டுக் கணக்கு விவகாரத்தை ஒப்புக்கொண்டு எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அந்த மூத்த பயனர் 'புரிகிறது, நானும் விளக்கியிருக்க வேண்டும்' என்று பதில் போட்டார், அவ்வளவுதான், வேறு பேச்சில்லை.

போன சனிக்கிழமை ஒரு விளையாட்டு வைத்தேன். ஒருவர் எழுதியதை இன்னொருவர் மணல்தொட்டியில் நீக்க வேண்டும், நீக்கியவரிடம் மற்றவர் கேள்வி கேட்க வேண்டும், 'ஏன்' என்ற சொல் வரக் கூடாது. முதல் பத்து நிமிடம் சிரிப்புத் தாங்கவில்லை. முக்கூடல் பிள்ளை மூன்று பேர் எழுதியதை நீக்கிவிட்டாள், பயம் விட்டுப்போயிற்று. அன்றைக்கே தன் ஊர்க் கட்டுரையில் இரண்டு வரி சேமித்தாள்.

பையன் ஒரு வாரம் வரவில்லை. தேடிப் போனேன். கல்லிடைக்காரர் சொன்ன மாதிரி புவிசார் குறியீட்டு இதழைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டினேன். அவன் படித்துக்காட்ட அவன் உம்மா கேட்டுக்கொண்டே இருந்தார், கை மட்டும் கோரையைக் கீறிக்கொண்டிருந்தது. பையன் அதை ஒரு படம் எடுத்தான். அவனே எடுத்தது, அவனே உரிமம் கொடுத்து, விக்கிப் படங்களின் கிடங்கான பொதுவகத்தில் ஏற்றினான். பத்தி இப்போது சான்றோடு கட்டுரையில் இருக்கிறது. ராணியைப் பற்றிய வரி இல்லை.

படத்துக்குக் கீழே 'பட்டுப்பாய்க்குக் கோரை கீறுதல்' என்று எழுதியிருந்தான். உம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினால், 'இதுவா பட்டுப்பாய்க் கோரை? இது தடிச்சதுல்லா, சாதாப் பாய்க்குள்ளது' என்று விட்டார். தன் படம்தானே என்று உடனே மாற்றப் போனவன், கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்: 'சார், இதுக்கு எங்க உம்மாவைச் சான்றாப் போட முடியாதுல்லா?'