பொருள்: ‘மார்ச்’ இசைக்குத் தமிழ்ச் சொல் – வெள்ளிக்குள் வேண்டும்

கல்லடி, பாண்ட் ஆசிரியை:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட பாண்ட் அணியின் நிகழ்ச்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. சூசாவின் ‘வொஷிங்டன் போஸ்ட்’ (1889), அல்ஃபோர்டின் ‘கேணல் போகி’ (1914) இரண்டும் வாசிக்கிறம். சூசா 1880 முதல் 1892 வரை அமெரிக்க மரைன் பாண்டை நடத்தினவர், நூற்றுக்கு மேல் ‘மார்ச்’ (அணிவகுத்து நடக்க வாசிக்கிற இசை) எழுதினவர் என்று அறிமுகம் எழுதியாச்சு. அந்த ‘மார்ச்’சுக்கு என்ன போடுறது? ‘இராணுவ இசை’ என்று மட்டும் போடமாட்டன். நம்ம ஊர்த் தாய்மாருக்கு அந்தச் சொல் என்னத்தை நினைவூட்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

களுவாஞ்சிகுடி:
இல்ல விளையாட்டுப் போட்டியில வருசா வருசம் ‘அணிநடை’ என்றுதானே அறிவிக்கிறம்? ‘அணிநடை இசை’ போடுங்க ரீச்சர்.

காரைதீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, அணிநடை காலின் வேலை. இசைக்குத் தனிப்பெயர் வேண்டும். சிலப்பதிகாரக் கானல்வரியில் யாழ் வாசிப்பின் எட்டு வகைகளில் ஒன்றை இளங்கோவடிகள் ‘கண்ணிய செலவு’ என்கிறார். அகத்திணையில் தலைவன் பிரிந்து போவதும் செலவுதான். வஞ்சித் திணையில் படை மேற்செல்வதும் அதே ‘செல்’ அடியில் பிறந்தது. இத்தனையும் ஒரு சொல்லில் கிடக்க, புதிதாக ஏன் ஒட்டுப்போட வேண்டும்? கலைச்சொல்லாக்கத்துக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகளின் ஊரிலிருந்து கேட்கிறேன். ‘செலவிசை’ என்பது என் முன்மொழிவு.

கல்லடி:
ஐயா, விளக்கம் அருமை. ஆனால் கையேட்டில் ‘செலவு’ என்று கண்டால் காசுக் கணக்கைத்தான் நினைப்பாங்க. அடிக்குறிப்புப் போட இடமும் இல்லை.

வந்தாறுமூலை:
வடமோடிக் கூத்தில் அரசன் களரிக்கு, அதாவது ஆடுகளத்துக்கு, வரும்போது மத்தளத்தில் வரவுத் தாளம் விழும். காலும் தாளமும் பிரியாத இசை நம்மிடமே இருக்கு. ‘வரவிசை’ சரிவராதா? வஞ்சியைத் தொட வேண்டாம். வஞ்சிப்பாவுக்கு ஓசை தூங்கல், மெல்ல அசையிற ஓசை. அதில் படை நடந்தால் பொழுது பட்டுவிடும்.

கல்முனை, முன்னாள் ட்ரம் வாசிப்பாளர்:
வரவு ஆள் வந்ததோட முடியும். மார்ச் அப்படியில்லை, தெரு முழுக்கப் போகும். இடது கால் ஊன்றும் இடத்தில பெரிய ட்ரம் விழ வேணும். அது பிசகினா பின்வரிசைப் பிள்ளைகள் கால் மாற்றித் தத்தளிக்கும். ‘அணிநடை’யிலும் சிக்கல் இருக்கு. ‘வொஷிங்டன் போஸ்ட்’ 6/8 தாளம். ஒரு காலடிக்கு மூன்று தட்டு, நமக்கு அது திஸ்ர நடை. ‘திஸ்ர நடை அணிநடை’ என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்றது?

கல்லடி:
நியாயம். மார்ச்சின் பிற்பகுதியில வாற ‘ட்ரியோ’வுக்கும் ஒரு வழி சொல்லுங்க. ‘மூவர்’ என்றால் யார் அந்த மூவர் என்பாங்க.

கல்முனை:
அந்த இடத்தில மத்திமம் (ம) புதுச் சட்சமாகும் (ஸ), அதாவது அடிச் சுரமாகும். நாங்கள் மத்திம சுருதிக்குப் போற மாதிரி. ‘மத்திமப் பகுதி’ என்றால் வாசிக்கிறவனுக்கு உடனே விளங்கும்.

களுவாஞ்சிகுடி:
கேட்கிறவங்களுக்கு நடுப்பகுதி என்றல்லவா விளங்கும்?

கல்லடி:
நாளைக்கு வெள்ளி. ‘அணிநடை’ எல்லாருக்கும் பழகின சொல் என்கிறதால ‘அணிநடை இசை’யையே போடுறன். ‘ட்ரியோ’ அப்படியே இருக்கட்டும்.

காரைதீவு:
போடுங்கோ மகள், பிள்ளைகளின் நிகழ்ச்சி தடைப்படக் கூடாது. ஆனால் என் மறுப்பு நிற்கிறது. சூசாவை மண்டபத்தில் இருந்து கேட்கிறவன் எங்கே நடக்கிறான்? ராடெட்ஸ்கி மார்ச்சுக்கு வியன்னாவில் கதிரையில் இருந்துதானே கை தட்டுகிறார்கள்? பாடநூலுக்குச் சொல் எடுக்கும்போது ‘செலவிசை’யைத் திரும்பவும் எடுப்பேன்.