மறு: ‘முடிவு வேகம்’ – வேறு சொல் தேவையா?

அண்ணா,

‘முடிவு வேகம்’ பிள்ளைகளின் வாயில் ஊறிப்போன சொல், அதை ஏன் கிளற வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். காற்றிலோ திரவத்திலோ விழும் பொருளின் வேகம் கூடிக்கொண்டு வந்து, பிறகு கூடாமல் ஒரே அளவில் இருக்குமே, அந்த வேகத்துக்கு (terminal velocity) நம் பாடத்தில் உள்ள பெயர் அது. ஊறியது உண்மை, ஆனால் பிழையாக ஊறியிருக்கிறது. இங்கே பண்டாரவளையில் உயர்தர வகுப்பு எடுக்கிறேன், ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை ‘நிலத்தில் வந்து மோதும்போது உள்ள வேகம்தானே சேர்’ என்று கேட்கும், இயக்கச் சமன்பாட்டில் வரும் இறுதி வேகத்தையும் இதையும் ஒன்றாக்கி விடை எழுதும். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது, முடிவு என்றால் கடைசி என்றுதான் யாருக்கும் படும்.

போன கிழமை நீளமான கண்ணாடிக் குழாயில் கிளிசரின் ஊற்றி, 10 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக வெளியே ரப்பர் வளையம் மாட்டி, சைக்கிள் பெயாரிங்கில் கழற்றிய சின்ன உருக்குக் குண்டைப் போட்டோம். முதல் வளையம் தாண்டியதில் இருந்தே ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரே நேரம். பாதிக் குழாய்கூட இறங்கவில்லை, அதற்குள் ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்) பூச்சியம். குண்டின் நிறையை, திரவம் இழுத்துப் பிடிக்கும் பிசுக்கு விசையும் திரவம் மேல்நோக்கித் தள்ளும் மேலுதைப்பும் சேர்ந்து சமன்செய்துவிட்டன. இதில் முடிவு எங்கே இருக்கிறது?

தியலும நீர்வீழ்ச்சியின் உயரம் 220 மீற்றர். காற்று இல்லாவிட்டால் உச்சியில் உதிரும் துளி 6.7 செக்கனில் கீழே வந்து, செக்கனுக்கு 66 மீற்றர் வேகத்தில் அடிக்கும். உண்மையில் காற்றுத் தடையால் பெரிய மழைத்துளியின் வேகமே செக்கனுக்கு 9 மீற்றர் அளவுக்கு மேல் கூடாது. நம் காலைப் பனிமூட்டத்தில் 0.02 மில்லிமீற்றர் துளி செக்கனுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் இறங்கும், தேயிலைக்கு மேல் அசையாமல் தொங்குவது போலத் தெரிந்தாலும் அதுவும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

தமிழ்நாட்டு ‘முற்றுத்திசைவேகம்’ எடுத்தாலும் இதே சிக்கல், முற்று என்றாலும் முடிவுதான். குழுவில் இன்னொருவர் சொன்ன ‘தரிப்பு வேகம்’ காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் பஸ் தரிப்பிடம் என்று பழகிய பிள்ளைக்குக் குண்டே நின்றுவிட்டது என்று படும். என் தெரிவு ‘நிலைபெறு வேகம்’. கூடிக்கொண்டு வந்த வேகம் நிலைபெறுகிறது, விழுவது தொடர்கிறது. அப்புறம், ‘வேகம் நிலைபெற எவ்வளவு தூரம் எடுத்தது?’ என்று வகுப்பில் கேட்கலாம். ‘முடிவு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

சரி, பரீட்சைத் தாளில் பழைய சொல்தான் வரும், அதனால் அடுத்த தவணை இரண்டையும் சேர்த்தே கரும்பலகையில் எழுதப் போகிறேன். ‘நிலைத்த வேகம்’ இன்னும் எளிது, ஆனால் சீரான வேகத்தோடு குழம்பும் என்று நினைக்கிறேன். தமிழ் படிப்பிக்கிறவர்கள் சொல்லுங்கள்.