லைக் குறைகிறது, புடவை மட்டும் தீர்ந்துபோகிறது: முதலாளிக்கு இதை எப்படி விளக்குவது?

சேலத்துக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சேலத்தை அடுத்த இளம்பிள்ளையில் புடவை உற்பத்தி செய்யும் ஒருவருக்கு நான் இணைய விளம்பர வேலை செய்து கொடுக்கிறேன். ஃபேஸ்புக் பேஜ், இன்ஸ்டாகிராம் கணக்கு, வாட்ஸ்அப் பிசினஸ் ஆகிய மூன்றும் என் பொறுப்பில் உள்ளன. சென்ற மாதம் முதலாளி என்னை அழைத்துத் தம் கைப்பேசியில் பேஜைத் திறந்து காட்டி, "தம்பி, இந்தப் படத்துக்குப் பதினான்கு லைக் வந்திருக்கிறது, அதில் மூன்று பேர் நம் வீட்டுக்காரர்கள், ஒன்று நீ" என்றார். அவர் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. ஆனால், அந்தப் பதினான்கு லைக் வாங்கிய கிளிப்பச்சைப் புடவைதான் அந்த வாரத்தில் முதலில் தீர்ந்துபோனது; அதே நிறத்தில் இன்னொரு பாவு போடச் சொல்லவேண்டி வந்தது.

ஆர்டர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் எங்கள் பேஜைப் பின்தொடர்பவர்கள் அல்லர். அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்தால், நான் எடுத்த படம்தான். ஆனால் கீழே இருந்த எங்கள் எண் வெட்டப்பட்டு, கடைப் பெயரின் மேல் ஒரு சூரியகாந்திப் பூ ஒட்டப்பட்டு, விலையில் நூற்றைம்பது ரூபாய் கூடி, "மல்டிபிள்ஸ் அவைலபிள், சீக்கிரம் புக் செய்யவும்" என்ற வரியும் சேர்ந்திருந்தது. பல கை மாறியதில் சரிகை மஞ்சள் பூசியது போல மங்கிவிட்டிருந்தது. அந்தப் படம் எத்தனை பேரைக் கடந்து வந்தது என்று அறிய எனக்கு வழி இல்லை. பொதுவெளியில் யாரும் வாய் திறப்பதில்லை என்பதும், ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது. இது என் வேலையில் உள்ள குறையா, அல்லது இணையத்தில் மக்கள் நடந்துகொள்ளும் விதமே மாறிவிட்டதா? முதலாளியிடம் எதைக் காட்டி நான் பேசுவது?

பழைய ஆர்குட்வாசி எழுதியது:

நண்பரே, குறை உங்களுடையது அன்று. 2004 ஜனவரியில் ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் தொடங்கிய காலத்திலிருந்து இந்தக் கூட்டத்தை வேடிக்கை பார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். அன்று அங்கே ஒருவருக்கொருவர் செய்தி எழுதும் ஸ்கிராப் புத்தகம் என்பது ஊர்ப் பொதுச்சுவர் போன்றது. "மச்சான், கடனாக வாங்கிய முந்நூறு ரூபாய் எப்போது தருவாய்?" என்று ஒருவன் எழுத, அதை ஊரே படிக்கும். தனிப்பேச்சைப் பொதுவில் பேசுவதற்கு யாரும் கூசியதில்லை, ஏனென்றால் அங்கிருந்தவர்கள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே வயதுக்காரர்கள். வீட்டுப் பெரியவர்களில் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்குட் மூடப்பட்டபோது நாங்கள் எல்லாரும் எப்போதோ ஃபேஸ்புக்குக்குக் குடிபெயர்ந்திருந்தோம்.

ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது 2009 பிப்ரவரியில். அதற்கு முன் ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல நான்கு சொற்களாவது தட்டச்சு செய்யவேண்டியிருந்தது. பொத்தான் வந்தபின் அந்த நான்கு சொற்களும் போயின. கோபம், வருத்தம் முதலிய மற்ற முகங்கள் 2016இல் வரும் வரை, இறப்புச் செய்திக்குக்கூட லைக் போட்டுவிட்டு நாம் நெளிந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இதற்கிடையில் பெரியப்பா வந்தார், அத்தை வந்தார், அலுவலக மேலாளரும் நட்பு அழைப்பு விடுத்தார். நாம் போடும் லைக் மற்றவர் கண்ணிலும் படும் என்பது மெல்ல மெல்ல எல்லாருக்கும் புரிந்தது. ஒரு பெண் புடவைப் படத்துக்கு லைக் போட்டால், "போன மாதம்தானே ஒன்று எடுத்தாய்?" என்று நாத்தனார் கேட்பார் என்ற நினைப்பு போதும், விரல் பின்வாங்கிவிடும். நகைக்கடன் விளம்பரத்துக்கு எவராவது கமெண்ட் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கடன் வாங்குவோர் இல்லாமலா அந்த விளம்பரம் ஓடுகிறது?

இதற்கு மேல் நிறுவனத்தின் பங்கும் உண்டு. நண்பர்களும் குடும்பத்தினரும் இடும் பதிவுகளுக்கு முன்னுரிமை தருவதாகவும், பேஜ்களின் பதிவுகள் இனிக் குறைவாகவே கண்ணில் படும் என்றும் 2018 ஜனவரியில் மார்க் சக்கர்பெர்க் வெளிப்படையாகவே அறிவித்தார். பணம் கட்டிப் பூஸ்ட் செய்யாத பேஜ் அதன்பின் மூச்சுத் திணறுவதில் வியப்பில்லை.

எண்ணும் எழுத்தும் எழுதியது:

முந்தையவர் சொன்னதுடன் உடன்படுகிறேன். இதற்குத் தொழில்வழியில் ஒரு பெயரும் உண்டு. மின்னஞ்சல், அரட்டை போன்ற தனிவழிகளில் கைமாறி வரும் வருகையாளர்களைக் கணக்கெடுப்புக் கருவிகளால் அடையாளம் காண முடிவதில்லை என்பதைச் சுட்டி, 2012இல் தி அட்லாண்டிக் இதழில் அலெக்சிஸ் மாட்ரிகல் அதற்கு 'டார்க் சோஷியல்' என்று பெயரிட்டார். இருட்டில் நடக்கும் பகிர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கை ஒருவர் தட்டித் தளத்துக்கு வந்தால், பெரும்பாலும் அனலிட்டிக்ஸ் என்ற அந்தக் கணக்கெடுப்புக் கருவி அவரை 'டைரக்ட்' என்ற மூட்டையில் போட்டுவிடும். அவரே முகவரியைத் தட்டச்சு செய்து வந்தவர் போலக் கணக்கு காட்டும்.

லிங்க் என்றால், வருகையாளர் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் யுடிஎம் குறியீட்டை அதன் வாலில் சேர்த்துச் சமாளிக்கலாம். (கூகுள் 2005இல் வாங்கிய அர்ச்சின் என்ற நிறுவனத்தின் பெயரில் உள்ள முதல் எழுத்துதான் அந்த 'யு' என்பது பலருக்குத் தெரியாது.) ஆனால் உங்கள் சரக்கு லிங்க்காகப் பயணிக்கவில்லை, படமாகப் பயணிக்கிறது, படத்தின் பின்னால் எந்தக் குறியீடும் ஓடாது. ஆகவே குறியீட்டைப் படத்துக்குள்ளேயே வைக்கவேண்டும். ஃபேஸ்புக்கில் இடும் படத்தில் கே 21 என்றும், இன்ஸ்டாகிராமில் கே 22 என்றும், மொத்த வியாபார குரூப்புக்கு அனுப்புவதில் கே 23 என்றும் ஒரே புடவைக்கு மூன்று எண்கள் கொடுங்கள். ஆர்டரோடு வரும் படத்தைப் பார்த்தாலே அது எந்த வாசல் வழியாக வெளியே போனது என்று தெரிந்துவிடும். எத்தனை கை மாறியது என்று தெரியாது. புறப்பட்ட இடம் தெரியும். முதலாளிக்கு அது போதும். கூடவே, உங்கள் கடைப் பெயரை மூலையில் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மூலை என்பது வெட்டுவதற்கு என்றே ஒதுக்கிய இடம் போல ஆகிவிட்டது.

மங்கலைப் பற்றியும் ஒன்று. வெறுமனே ஃபார்வர்டு செய்தால் படம் இந்த அளவுக்குக் கெடாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வெட்டி, பூ ஒட்டி, மீண்டும் அனுப்புகிறார்கள் என்பதற்கு உங்கள் மஞ்சள் சரிகையே சாட்சி.

ஈரோடு ரீசெல்லர் எழுதியது:

அந்தச் சூரியகாந்திப் பூவை ஒட்டும் கூட்டத்தைச் சேர்ந்தவள் நான். ஆறு ஆண்டுகளாக வீட்டிலிருந்தபடியே புடவை விற்கிறேன். எங்கள் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். உங்கள் எண்ணை நாங்கள் ஏன் வெட்டுகிறோம்? வெட்டாவிட்டால் என் வாடிக்கையாளர் அடுத்த முறை நேரே உங்களிடம் வந்துவிடுவார். நான் பொருளுக்கு மட்டும் விலை கூட்டுவதில்லை. "அக்கா, இந்த நிறம் எனக்கு எடுக்குமா?" என்று இரவு பத்து மணிக்குக் கேட்பவருக்குப் பதில் சொல்கிறேன், பார்சலைப் பிரித்துப் பார்க்கும்போது எடுத்த வீடியோ இருந்தால்தான் மாற்றித் தருவேன் என்று சொல்லிவிட்டு, வீடியோ இல்லாவிட்டாலும் பல முறை மாற்றித் தந்திருக்கிறேன். அந்த நூற்றைம்பது ரூபாய் அதற்குத்தான்.

லைக் எங்கே போனது என்று கேட்கிறீர்கள். என்னிடம் வந்து பாருங்கள். மாலை ஏழு மணிக்கு ஸ்டேட்டஸ் வைப்பேன். எட்டு மணிக்கு யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலைத் திறப்பேன். எட்டுப் படங்கள் வைத்தால், முதல் படத்தோடு நின்றவர் யார், கடைசிப் படம் வரை வந்தவர் யார் என்பது தெரியும். கடைசி வரை மூன்று நாள் தொடர்ந்து வந்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இருப்பவர் வீட்டில் விசேஷம் வருகிறது என்று பொருள், நானே, "நலமாக இருக்கிறீர்களா?" என்று ஒரு வரி போடுவேன். ஆனால் பார்த்தது தெரியக்கூடாது என்று நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கள் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். அவர்களில் நல்ல வாடிக்கையாளர்களும் உண்டு.

இன்னொன்று. ஐந்து கை மாறி வந்த செய்தியில் இரட்டை அம்புக்குறி விழுந்துவிடும். அதை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே ஃபார்வர்டு செய்ய முடியும். அதனால்தான் கேலரியில் சேமித்துப் புதிதாக அனுப்புகிறோம். அம்புக்குறி இருந்தால், "எல்லாருக்கும் போனதுதானே இது?" என்று வாங்குபவர் முகம் சுளிப்பார்.

நெல்லை விளம்பரதாரர் எழுதியது:

அனைத்தையும் வாட்ஸ்அப்பின் பேரில் எழுதி வைத்துவிடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். அதாவது, ஏற்கெனவே அறிந்தவருக்குத்தான் விற்க முடியும். முன்பின் அறியாதவர் கண்ணில் படவேண்டுமானால் இன்றைக்கும் ரீல்ஸ் வேண்டும். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டதும், அடுத்த சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராம் இங்கு ரீல்ஸைக் கொண்டுவந்ததும் நினைவிருக்கும். ஈரோட்டு அம்மையார் முதல் படத்தை எங்கே பார்த்தார் என்று கேளுங்கள். அநேகமாக ஒரு ரீலில்தான் பார்த்திருப்பார்.

ஈரோடு ரீசெல்லர் எழுதியது:

உண்மைதான். உற்பத்தியாளர்களைத் தேடுவது ரீல்ஸில்தான். லைக் மட்டும் போடமாட்டேன். போட்டால் நான் எங்கே சரக்கு எடுக்கிறேன் என்று மற்ற ரீசெல்லர்களுக்குத் தெரிந்துவிடும்.

சேலத்துக்காரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஈரோட்டுச் சகோதரியின் கடைசி வரியை முதலாளியிடம் அப்படியே படித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் அந்தப் பதினான்கு லைக் போட்டவர்கள் நம்மிடம் வாங்காதவர்கள் என்றுதானே ஆகிறது?" என்று கேட்டார். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார் போலும். மூன்று எண் முறையை அடுத்த சரக்கிலிருந்து தொடங்கச் சம்மதித்துவிட்டார். கடையின் கைப்பேசி எண்ணைப் படத்தில் போடுவதையும் நிறுத்துகிறோம். ஒரே ஒரு ஐயம் மட்டும் மிச்சம் இருக்கிறது: குறியீட்டை முந்தானையின் மேல் போடலாமா, புடவையின் உடல் பகுதியின் மேல் போடலாமா?

ஈரோடு ரீசெல்லர் எழுதியது:

முந்தானையில் வேண்டாம், தம்பி. எல்லாரும் பெரிதாக்கிப் பார்ப்பது அதைத்தான்; அதை எழுத்து மறைத்தால் அழித்துவிட்டுத்தான் அனுப்புவோம். கொசுவத்துக்குப் பக்கத்தில், புடவை நிறத்தைவிட ஒரு சாயல் மட்டும் குறைவாகச் சிறிதாகப் போடுங்கள். யாரும் தொடமாட்டோம்.