ஈஸா குஹாவுக்கு ஒரு நியாயம், ஹர்பஜனுக்கு ஒரு நியாயமா?

கேலரி_சீட்டு எழுதியது:

ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு, நேத்து ஆபீஸ்ல ஒருத்தரோட இதே விஷயத்துக்கு பெரிய வாக்குவாதம் ஆயிடுச்சு, அதான் இங்க கேட்டுடலாம்னு.

2024 டிசம்பர், பிரிஸ்பேன் காபா டெஸ்ட், ரெண்டாவது நாள். பும்ரா விக்கெட் எடுத்துட்டு இருக்கார், ஆஸ்திரேலிய சேனல் ஃபாக்ஸ் கிரிக்கெட்ல பிரெட் லீ அவரை பாராட்டி பேசுறார், கூட கமென்ட்ரில இருந்த இங்கிலாந்து முன்னாள் வீராங்கனை ஈஸா குஹா "மோஸ்ட் வேல்யுபிள் பிரைமேட்"னு சொல்லிட்டாங்க. பிளேயர்னு வரவேண்டிய எடத்துல குரங்கினத்துக்கான வார்த்தை. அவ்ளோதான், நம்ம ஆளுங்க பொங்கிட்டாங்க, வேலைய விட்டு தூக்கு, நாட்ட விட்டு அனுப்புன்னு ஒரே ரகளை. மறுநாள் ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே லைவ்ல வந்து மன்னிப்பு கேட்டாங்க, பக்கத்துல இருந்த ரவி சாஸ்திரி தைரியமான பொண்ணுன்னு சொன்னார், அதோட முடிஞ்சுது.

ஒரு மூணு மாசம் கழிச்சு, 2025 மார்ச் 23, ஹைதராபாத். சன்ரைசர்ஸ் 286 அடிச்ச அந்த மேட்ச். ராஜஸ்தானுக்கு ஆடின இங்கிலாந்து பவுலர் ஆர்ச்சர், கருப்பினத்தவர், 4 ஓவர்ல 76 குடுத்தார், ஐபிஎல்ல அதுவரைக்கும் அவ்ளோ யாரும் குடுத்ததில்ல. அப்ப இந்தி கமென்ட்ரில ஹர்பஜன் சொன்னது, லண்டன்ல கருப்பு டாக்ஸி மீட்டர் வேகமா ஓடும், இங்க ஆர்ச்சர் சாரோட மீட்டரும் வேகமா ஓடுதுன்னு. கிளிப் ரெண்டு நாள் சுத்துச்சு. கொஞ்ச பேர் திட்டினாங்க. மார்ச் 28 சேப்பாக்கத்துல தோனி ஒம்பதாவதா எறங்கினார், மொத்த கூட்டமும் அந்த சண்டைக்கு போயிடுச்சு. மன்னிப்பும் இல்ல ஒண்ணும் இல்ல, அடுத்தடுத்த மேட்ச்லயும் மைக் அவர் கையில தான்.

என் கேள்வி இதான். குஹாவ தூக்குன்னு கத்தின அதே ஐடிங்க ஏன் இதுக்கு வாய தொறக்கல? எது தப்பு எது தப்பில்லன்னு யாரு எங்க உக்காந்து முடிவு பண்றாங்க?

(ஆபீஸ் நண்பர் வாதம்: குஹா பேசினது வெள்ளைக்காரன் சேனல்ல, அதனால அது இனவெறி, ஹர்பஜன் பேசினது ஜோக்கு. யோவ், குஹாவோட அப்பா அம்மாவே கொல்கத்தாக்காரங்கய்யா.)

---

மூணாவது_ஸ்லிப் எழுதியது:

நீங்க ரசிகர்கள கேக்கறீங்க ப்ரோ, நான் மைக் குடுக்கறவன கேப்பேன். ரசிகன் எப்பவுமே தன் டீம் பக்கம் தான் நிப்பான், அவன்கிட்ட நியாயம் எதிர்பார்க்கறது நம்ம தப்பு. ஆனா வேலை போறதும் போகாததும் ரசிகன் கையில இல்லவே இல்ல.

கமென்டேட்டர் சஞ்சய் மஞ்ச்ரேக்கர எடுத்துக்கோங்க. 2019 உலகக்கோப்பைல ஜடேஜாவ "பிட்ஸ் அண்ட் பீசஸ்" பிளேயர்னு சொன்னார், அதாவது எதுலயும் முழுசா இல்லாம எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்னு. அது ஒரு கிரிக்கெட் கருத்து, தப்பான கருத்தாவே இருக்கட்டும், ஜடேஜா செமிஃபைனல்ல நியூசிலாந்துக்கு எதிரா 77 அடிச்சு பதில் சொல்லிட்டார், கணக்கு நேராயிடுச்சு. அந்த ஆளு பொறப்பையோ நிறத்தையோ பொண்டாட்டியையோ பத்தி ஒரு வார்த்தை பேசல. 2020 மார்ச்ல பிசிசிஐ, அதான் இந்திய கிரிக்கெட் போர்டு, கமென்ட்ரி பேனல்ல இருந்து தூக்கிட்டாங்க. ஏன்னு ஒரு வரி விளக்கம் கிடையாது. அதுக்கு முன்னாடி 2016 ஐபிஎல் தொடங்க போற நேரத்துல கமென்டேட்டர் ஹர்ஷா போக்ளேவ தூக்கினதுக்கும் இதே கதை, காரணமே சொல்லல.

ஆக கமென்ட்ரி பாக்ஸ்ல எழுதப்படாத சட்டம் ஒண்ணு இருக்கு. நம்ம ஸ்டார் பிளேயர் ஆட்டத்தை குறை சொன்னா வேலைக்கு உலை. வெளிநாட்டுக்காரன் நிறத்தையோ எவனோட பொண்டாட்டியையோ கிண்டல் பண்ணா "அவர் ஸ்டைல் அப்படி சார்". அதான் எனக்கு எரியுது, ரெட்டை வேஷம் ரசிகன்கிட்ட இருக்கறத விட ஒப்பந்தம் போடுறவன்கிட்ட தான் ஜாஸ்தி.

---

அம்பயர்_மாமி எழுதியது:

பொண்டாட்டின்னு நீங்களே எடுத்து குடுத்துட்டீங்க மூணாவது ஸ்லிப் தம்பி, அப்ப நானும் எறங்கறேன்.

2020 செப்டம்பர் 24, துபாய்ல பெங்களூரு பஞ்சாப் மேட்ச், கோலி ராகுலுக்கு ரெண்டு கேட்ச் விட்டார், ராகுல் 132 அடிச்சார், அப்புறம் கோலி வந்து ஒரே ஒரு ரன். உடனே கவாஸ்கர் இந்தில, லாக்டவுன்ல இவர் அனுஷ்கா பவுலிங்க்கு தான் பிராக்டிஸ் பண்ணார்னு ஒரு போடு. அவர் மனசுல இருந்தது அவங்க ரெண்டு பேரும் வீட்டு காம்பவுண்டுல ஆடின வீடியோவாம், அப்படி தான் பின்னாடி விளக்கம் குடுத்தார், இருக்கட்டும். ஆனா புருஷன் ரன் அடிக்கலன்னா பொண்டாட்டி பேர் எதுக்குங்க வருது, அந்த பொண்ணு இன்ஸ்டால நாகரிகமா கேட்டா, கேட்டதுக்கு அவளுக்கு விழுந்த திட்டு தான் ஜாஸ்தி. 2022ல அதே கவாஸ்கர், ராஜஸ்தான் ராயல்ஸ்ல ஆடின ஹெட்மயர் பொண்டாட்டி குழந்தை பெத்ததையும் அவன் பேட்டிங்கையும் ஒண்ணா சேத்து, அவ டெலிவரி பண்ணிட்டா இவன் ராயல்ஸுக்கு டெலிவரி பண்ணுவானான்னு கேட்டார். லெஜண்ட் இல்லையா, அதனால ஒண்ணும் ஆகல.

நம்மூர் தினேஷ் கார்த்திக்கையும் சொல்லணும், நம்ம பையன்னு விட முடியாது. 2021ல இங்கிலாந்து இலங்கை ஒன்டே, ஸ்கை சேனல்ல பேட்டும் பக்கத்து வீட்டுக்காரன் பொண்டாட்டியும் ஒண்ணு, நம்மளுது விட அடுத்தவனுது தான் நல்லா தெரியும்னு ஒரு ஜோக். அதுக்கு முந்தின மாசம் சவுத்தாம்ப்டன்ல நடந்த டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல் கமென்ட்ரில என்னமா பேசறான்னு ஊரே கொண்டாடின பையன். அடுத்த மேட்ச்லயே மன்னிப்பு கேட்டான், அம்மாகிட்டயும் வீட்டுக்காரிகிட்டயும் நல்லா வாங்கி கட்டிக்கிட்டேன்னு வேற சொன்னான். கட்டின வீட்டுக்காரி யாரு, தீபிகா பள்ளிக்கல், ஸ்குவாஷ்ல உலகத்துலயே முதல் பத்துக்குள்ள இருந்தவ. எனக்கு அந்த மன்னிப்பு பிடிச்சுது. சுத்தி வளைக்கல.

இப்ப இதையும் பாருங்க. 2019 ஜனவரில ஹர்திக் பாண்டியாவும் ராகுலும் கரண் ஜோகர் ஷோவுல பொண்ணுங்கள பத்தி அசிங்கமா உளறினாங்க. ஆஸ்திரேலியாலேர்ந்து திருப்பி அனுப்பினாங்க, சஸ்பெண்ட் பண்ணாங்க, அப்புறம் ஆளுக்கு 20 லட்சம் ஃபைன். சரி தான், வேணும் தான். ஆனா எதிர்ல உக்காந்து கேள்வி கேட்டு சிரிச்சு, அத எடிட் பண்ணி ஒளிபரப்பினவங்களுக்கு என்ன தண்டனை? எபிசோடை எடுத்துட்டாங்க, முடிஞ்சுது. அது ஒண்ணும் லைவ் இல்லையே, டேப்பு தானே, எத்தனை பேர் பாத்து ஓகே பண்ணி இருப்பாங்க.

---

வெள்ளவத்தை_பெடியன் எழுதியது:

நல்ல திரி. ஒரு பழைய கதை சொல்லுறன், இங்க கன பேருக்கு தெரிஞ்சிருக்கும், ஆனா எங்க நடந்ததெண்டு யோசிச்சிருக்க மாட்டியள்.

டீன் ஜோன்ஸ், ஆஸ்திரேலியாவின்ர முன்னாள் ஆட்டக்காரர். 2006 ஆகஸ்ட், தென்னாப்பிரிக்கா இலங்கை ரெண்டாவது டெஸ்ட். ஹஷிம் அம்லா சங்கக்காரவின்ர கேட்ச பிடிக்கிறார். ஜோன்ஸ் டென் ஸ்போர்ட்ஸ் கமென்ட்ரியில, பயங்கரவாதிக்கு இன்னொரு விக்கெட் கிடைச்சிட்டுது எண்டுறார். அம்லா தாடி வச்ச முஸ்லிம், வேற ஒரு காரணமும் இல்ல. விளம்பரம் போயிட்டுது, மைக் ஆஃப் எண்டு நினைச்சுத்தான் சொன்னவர். எங்களுக்கு இஞ்ச விளம்பரம் தான் போனது. ஆனா தென்னாப்பிரிக்காவில விளம்பரத்துக்கு கட் பண்ணேல்ல, அவையளின்ர வீட்டு டிவியில வடிவா கேட்டுட்டுது. உடன வேலையால தூக்கி அடுத்த பிளைட்டில ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிட்டாங்கள்.

அந்த மேட்ச் நடந்த இடம் கொழும்பு பி. சரா ஓவல். சரவணமுத்து எண்ட தமிழரின்ர பேர் வச்ச மைதானம், தமிழ் யூனியன் கிளப்பின்ர கிரவுண்ட், முரளியும் அந்த கிளப் தான். அதே கிழமை கிழக்கில மூதூரில ஆமிக்கும் புலிகளுக்கும் சண்டை. கொழும்பில தமிழ்ப் பெடியள் அடையாள அட்டை இல்லாம தெருமுனைக் கடைக்கும் போகேலாத காலம். அடுத்த கிழமை கொழும்பில குண்டு வெடிச்சு, தென்னாப்பிரிக்கா டீம் ஒருநாள் போட்டி விளையாடாம திரும்பிப் போனது. அந்த ஊரில இருந்து கொண்டு தாடியப் பாத்து அந்தச் சொல்ல பகிடிக்கு எடுத்திருக்கிறார் மனுசன்.

நான் சொல்ல வந்தது, தண்டனை குடுக்க ஏலாதெண்டு இல்ல. 2006 இல ஒரு தனியார் சேனல் ஒரே நாளில செய்து காட்டினது. தென்னாப்பிரிக்காக்காரர் சும்மா இருக்க மாட்டினம் எண்டு அவங்களுக்குத் தெரியும். ஆர்ச்சருக்காக இஞ்ச ஆர் கதைக்கப் போயினம்?

---

கேலரி_சீட்டு எழுதியது:

அண்ணே, பி. சரா தமிழ் யூனியன் கிரவுண்டுன்னு இன்னிக்கு தான் தெரியும். எங்கப்பாவுக்கு டீன் ஜோன்ஸ்னா 1986 சேப்பாக்கம் தான், அந்த டை ஆன டெஸ்ட், வாந்தி எடுத்துக்கிட்டே 210 அடிச்ச ஆளு, அவரை பத்தி யாரும் ஒரு வார்த்தை தப்பா சொல்லக்கூடாது வீட்டுல. அவர் இறந்தது 2020 செப்டம்பர் 24, மும்பைல, ஐபிஎல் கமென்ட்ரிக்கு வந்திருந்தப்போ. மாமி சொன்ன அந்த அனுஷ்கா கமென்டும் அதே நாள் ராத்திரி தான்.

அவரும் ரொம்ப நாள் வெளில இருக்கல பாருங்க. திரும்ப மைக் குடுத்தாங்க, பாகிஸ்தான் லீக்ல இஸ்லாமாபாத் டீமுக்கு கோச்சா போய் ரெண்டு தடவ கப்பும் ஜெயிச்சார். அது தப்புன்னு சொல்லல.

---

ஜாலி_பாய் எழுதியது:

எல்லாத்தையும் பூதக்கண்ணாடி வெச்சு பாத்தா எவனும் வாய தொறக்க முடியாது பாஸ். லண்டன்ல டாக்ஸி கருப்பு கலர் தான, அவன் லண்டன்காரன், மீட்டர் ஓடுது, ரன் ஓடுது. எங்க இருக்கு இதுல இனவெறி? கிரிக்கெட்ட கிரிக்கெட்டா பாருங்க. இங்கிலாந்து ஆஸ்திரேலியா காரனுங்க பேசாததா, நம்மள மட்டும் ஏன் நோண்டுறீங்க.

---

மூணாவது_ஸ்லிப் எழுதியது:

@ஜாலி_பாய் ஆர்ச்சர் லண்டன்காரன் இல்ல, பார்படாஸ்ல பொறந்தவன், இங்கிலாந்துல ஆடினது சசெக்ஸுக்கு. அன்னிக்கு ராஜஸ்தான் பவுலர் எல்லாரும் தான் அடி வாங்கினாங்க, டாக்ஸி ஏன் அவனுக்கு மட்டும் வந்துச்சு, யோசிங்க.

ஆஸ்திரேலியாக்காரன் பேசறான், ஒத்துக்கறேன். 2018 மெல்போர்ன்ல மயங்க் அகர்வால் முதல் டெஸ்ட் ஆடறான், ரஞ்சில முன்னூறு அடிச்சவன்னு சொன்னதும் ஆஸ்திரேலிய கமென்டேட்டர் கெர்ரி ஓ'கீஃப் அது ரயில்வே கேன்டீன் ஆளுங்களுக்கு எதிரா அடிச்சதா இருக்கும்னு சிரிச்சார். அப்ப நமக்கு எப்படி எரிஞ்சுது? மயங்க் 76 அடிச்சதும் ரவி சாஸ்திரி, நீங்க கேன்டீன் தொறந்தா சொல்லுங்க, அவன் காபி குடிச்சு பாத்துட்டு எந்த ஊர் காபி நல்லா இருக்குன்னு சொல்லணுமாம்னு திருப்பி குடுத்தார். அதுக்கு விசில் அடிச்சது நம்ம தான. ஓ'கீஃப் மன்னிப்பு கேட்டார். வேலை போகல, அவங்க ஊர்லயும் அதான் நிலைமை.

இன்னொண்ணு. இதே ஆர்ச்சர 2019ல நியூசிலாந்துல மவுண்ட் மாங்கனூயில கேலரில இருந்த ஒருத்தன் நிறத்தை வெச்சு திட்டினான். கிரிக்கெட் போர்டு போலீஸ் வெச்சு தேடி கண்டுபிடிச்சு, ரெண்டு வருஷம் எந்த மேட்சுக்கும் வரக்கூடாதுன்னு தடை. டிக்கெட் வாங்கி வந்தவனுக்கு ரெண்டு வருஷம். சம்பளம் வாங்கிட்டு கோடிக்கணக்கான பேர் காதுல பேசறவனுக்கு ஒரு நாள் கூட இல்ல. அதுவும் யாரு, ஹர்பஜன், 2008 சிட்னில ஆஸ்திரேலியாவோட சைமண்ட்ஸ குரங்குன்னு சொன்னார்னு மூணு டெஸ்ட் தடை வாங்கி, அப்பீல்ல அது நிரூபணம் ஆகலன்னு தடை நீங்கி, வசவுக்கு மட்டும் பாதி சம்பளம் ஃபைன் கட்டின ஆளு. சொன்னாரா இல்லையாங்கறது வேற விஷயம், ஆனா இந்த மாதிரி பேச்சு எவ்ளோ தூரம் கொண்டு போகும்னு அவரை விட யாருக்கு தெரியும்?

---

இரவுப்பணி எழுதியது:

நைட் ஷிஃப்ட்ல உக்காந்து படிச்சிட்டு இருக்கேன். ஒரு விஷயம் எல்லாரும் விட்டுட்டீங்க. குஹா பேசினது இங்கிலீஷ்ல, அஞ்சு நிமிஷத்துல உலகம் பூரா புரிஞ்சுது. ஹர்பஜன் இந்தில பேசினார், யாரோ ஒருத்தர் கிளிப் வெட்டி கீழ எழுத்து போட்டதுனால தான் வெளில தெரிஞ்சுது. தமிழ் கமென்ட்ரிக்கு அதுவும் இல்ல. டயத்துக்கு டயம் கல்யாணம் ஆனவன் கஷ்டம்னு ஒரு ஜோக், வெஸ்ட் இண்டீஸ்காரன் வந்தா அவன் நிறத்துக்கு ஒரு அடைமொழி, குண்டா இருக்கற பிளேயர் ஓடினா பிரியாணி கணக்கு. நாமளும் டீ குடிச்சிட்டே சிரிச்சிட்டு போறோம், நம்ம காமெடி ஷோ எல்லாம் அப்படித்தான இருக்கு. ஆர்ச்சர் மாதிரி ஒருத்தனுக்கு தமிழ் தெரிஞ்சா என்ன நெனைப்பான்.

புகார் குடுக்கவும் எடம் இருக்கு, யாரும் குடுக்கறதில்ல. இங்கிலாந்துல டிவி ரேடியோவ கண்காணிக்கற ஆஃப்காம்னு ஒரு அமைப்பு, 2008ல ரஸ்ஸல் பிராண்டும் ஜோனதன் ராஸும் ஒரு வயசான நடிகருக்கு போன் போட்டு அவர் பேத்திய பத்தி கேவலமா மெசேஜ் விட்டத பிபிசி ரேடியோ ஒளிபரப்பினதுக்கு, அடுத்த வருஷம் பிபிசிக்கு ஒன்றரை லட்சம் பவுண்டு ஃபைன் போட்டாங்க. பேசினவனுக்கு இல்ல, ஒளிபரப்பினவனுக்கு. இத்தனைக்கும் ஒளிபரப்பின அன்னிக்கு புகார் விரல் விட்டு எண்ற அளவு தான், ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வந்தப்புறம் தான் பல ஆயிரம் ஆச்சு. பேப்பர் படிச்சு கோவப்பட்டவன் தான் முக்கால்வாசி, ரேடியோ கேட்டவன் இல்ல.

நம்ம ஊர்ல 2021ல கேபிள் டிவி விதிய திருத்தினாங்க. பாக்கறவன் சேனலுக்கே நேரா எழுதலாம், 24 மணி நேரத்துல கெடச்சுதுன்னு சொல்லணும், 15 நாள்ல பதில் சொல்லணும். பதில் பிடிக்கலன்னா சேனல்களோட சுயக்கட்டுப்பாட்டு அமைப்பு, அதுக்கும் மேல அமைச்சகம். மொபைல் ஆப்ல பாத்தீங்கன்னா ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதில கிட்டத்தட்ட இதே ஏணி தான்.

---

அம்பயர்_மாமி எழுதியது:

15 நாளா? அதுக்குள்ள இன்னும் பத்து மேட்ச் முடிஞ்சிருக்குமே தம்பி. சரி, எழுதி தான் பாப்போம். டெலிவரி ஜோக்கு இனிமே எவன் அடிச்சாலும் தேதி, ஓவர் நம்பர் எல்லாம் குறிச்சு வெச்சுக்கறேன்.

---

ஜாலி_பாய் எழுதியது:

மாமி பேனாவும் நோட்டுமா உக்காந்தா நான் மேட்ச மியூட்ல தான் பாக்கணும் போல 😅 ஆனா அந்த கேலரி ஆளுக்கு ரெண்டு வருஷ தடை விஷயம் எனக்கு தெரியாது. டாக்ஸி மேட்டர்ல நான் இன்னும் முழுசா ஒத்துக்கல.