மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வைரஸ்கள்: ஒன்றுக்கு மட்டும் மருந்து ஏன்?

வைகைக்கரை:
அனைவருக்கும் வணக்கம். சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் நோயெதிர்ப்பாற்றலைக் குறைக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், பிரெட்னிசோலோன் ஆகிய மருந்துகளை உட்கொண்டுவரும் என் தந்தைக்கு இருமலும் உடல்வலியும் உள்ளன. காய்ச்சல் பெரிதாக இல்லை. மூக்கிலிருந்து மாதிரி எடுத்துச் செய்த பிசிஆர் பரிசோதனையில் இன்ஃபுளுயன்சா ஏ (ஃப்ளூ வைரஸ்), ரைனோவைரஸ் (சாதாரண ஜலதோஷ வைரஸ்) இரண்டும் இருப்பதாக வந்துள்ளது. மருத்துவரோ இன்ஃபுளுயன்சாவுக்கான ஓசெல்டாமிவிர் மட்டுமே எழுதியிருக்கிறார். மற்றொன்றை ஏன் விட்டுவிட்டார்? மருந்துக்கடையில் கிளாரித்ரோமைசினும் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

நெய்தல்:
ரைனோவைரஸுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை என்பதே முதற்காரணம். மேலும், பிசிஆர் வைரஸின் மரபணுப் பொருளைத்தான் கண்டறிகிறது; நோயெதிர்ப்பாற்றல் குறைந்தவர்களின் மூக்கில் அது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூடத் தங்கியிருக்கும் என்பதால், முன்பு வந்த ஜலதோஷத்தின் மிச்சமாகவும் அது இருக்கலாம். இன்ஃபுளுயன்சாவின் நிலை வேறு. ஓசெல்டாமிவிரை அறிகுறிகள் தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது என்றாலும், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்குத் தாமதமானாலும் கொடுப்பார்கள். வழக்கமான அளவு 75 மில்லிகிராம், நாளுக்கு இரு வேளை. சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்திருந்தால் அளவையும் குறைக்க வேண்டும்.

மருந்தாளுநர்:
கிளாரித்ரோமைசினை நீங்களாகக் கொடுக்காதீர்கள். அது பாக்டீரியாவுக்கான மருந்து என்பது ஒருபுறம் இருக்க, கல்லீரலிலும் குடலிலும் டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியை அது முடக்கிவிடும். ரத்தத்தில் டாக்ரோலிமஸ் ஏறிக்கொண்டே போகும். கை நடுங்கும்; சிறுநீரகம் பாதிக்கப்படுவதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் உயரும். கோவிட் மாத்திரையான பாக்ஸ்லோவிடில் உள்ள ரிட்டோனாவிரும் இதையே இன்னும் கடுமையாகச் செய்யும். அதனால்தான் இத்தகையவர்களுக்குக் கோவிட் வந்தால் பல மருத்துவர்கள் ரெம்டெசிவிர் ஊசியை நாடுகிறார்கள்.

பாலைவனப்பூ:
நெய்தல் கூறியதில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. மிச்சமாக இருக்கலாம் என்பதற்காக ரைனோவைரஸைப் பொருட்படுத்தாமல் விடக்கூடாது. எலும்பு மஜ்ஜை மாற்று, நுரையீரல் மாற்று செய்துகொண்டவர்களிடம் அது நிமோனியா வரை போவதுண்டு. பிரெட்னிசோலோன் காய்ச்சலை மறைத்துவிடும் என்பதால், காய்ச்சல் இல்லை என்று நிம்மதி அடைய முடியாது. விரலில் ஆக்சிமீட்டர் மாட்டி, சற்று நடக்கவைத்த பிறகும் ஒருமுறை பாருங்கள். ஆக்சிஜன் அளவு குறைந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூக்கின் மாதிரி நுரையீரலின் நிலையைச் சொல்லாது. பாக்டீரியா, ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை, சைட்டோமெகலோவைரஸ் ஆகியவற்றைத் தேட, நுரையீரலைக் கழுவிய நீரையே மாதிரியாக எடுக்க வேண்டியிருக்கும். மைக்கோபீனோலேட்டை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உடல் மாற்றுச் சிறுநீரகத்தை நிராகரிக்கக்கூடும்.

வைகைக்கரை:
மிக்க நன்றி. கிளாரித்ரோமைசின் வாங்கவில்லை. மருத்துவமனையில் கேட்டதற்கு, ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவைப் பார்க்க, நாளைக் காலை அந்த மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே வந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள்.